லூர்துராணியின் தஞ்சாவூர்

வெளியூருக்குப் போன் பேச வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் ட்ரங்க் கால் பதிந்துவிட்டுத் தவம் கிடக்க வேண்டும். திருச்சி டெலிபோன் ஆபீஸ் மாடியில் போர்டுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி மனசு வைத்து வயரைச் செருகினால்தான் திருச்சிக்காரன் குரல் மதுரைக்கோ சென்னைக்கோ போய்ச் சேரும். அப்படி மனசு வைக்கிறவர்களில் ஒருத்தி லூர்துராணி. பதினோரு வருஷ சர்வீஸ். இந்த ஜில்லா ஜனத்தைப் பற்றி அவளிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட முடியாது. தில்லை நகர் டாக்டரிலிருந்து துறையூர் மண்டிக்காரர் வரை எவனும் போனில் பேசுவதில்லை, நேரே மதுரைக்குக் கேட்கிற மாதிரி கத்துகிறான் என்பாள். அர்ஜென்ட் கால் போட்டுவிட்டு, "அப்புறம், சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பிக்கிறவனைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறந்தது பாலக்கரை. அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, கைலாசபுரம் குவார்ட்டர்ஸுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அடுத்த வருஷமே இந்த வேலையும் கிடைத்தது. வீட்டுக்காரர் அற்புதசாமி அங்கே தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. அடுத்தவன் போட்ட வெல்டிங்கில் தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் பிடித்துவிடுவார் என்று பெயர். வீட்டில் அந்தச் சமர்த்தெல்லாம் ஒன்றும் கிடையாது. கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று கேட்டால்கூட "பாப்போம்" என்பார். பன்னிரண்டு வருஷத்தில் அந்த மனுஷர் வாயிலிருந்து வந்த "பாப்போம்" எல்லாவற்றையும் ஒன்று சேர்த்தால் ஒரு முழு மௌனம் ஆகும் என்று லூர்துராணி அலுத்துக்கொள்வாள்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், குழந்தை இல்லை. அதனால் அவர்கள் வெளியூர் போனதே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். போனார்கள், போனார்கள், கால் தேயப் போனார்கள். வேளாங்கண்ணிக்கு ஏழு தடவை. பூண்டி மாதாவுக்குக் கணக்கே இல்லை. மதுரைக்கு மூன்று தடவை. அங்கே அற்புதசாமியின் அக்கா சகாயம்மாள் இருந்தாள், அவளுக்குத் தெரிந்த லேடி டாக்டரும் இருந்தாள். வேளாங்கண்ணி போகிற வழியில் தஞ்சாவூரில் பஸ் நிற்கும். பத்து நிமிஷம் காபி. அவ்வளவுதான் லூர்துராணி கண்ட தஞ்சாவூர். மதுரையில் அவள் கண்டது டாக்டர் வீட்டு பெஞ்சு. கோபுரம் தூரத்தில் தெரிந்ததாக ஞாபகம், சத்தியம் பண்ண மாட்டாள். எங்கே போனாலும் கையேந்திக்கொண்டே போனதில் கண்ணுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

அந்த எண்பதாம் வருஷத்துக் காலண்டர் வந்ததும் அவள் முதலில் பார்த்தது ஜனவரி இருபத்தாறு. சனிக்கிழமை. குடியரசு தினம், அவருக்கு லீவு. மறுநாள் ஞாயிறு, இரண்டு பேருக்குமே ஓய்வு. தை மாசம், வெயில் இன்னும் தலையைப் பிளக்க ஆரம்பிக்கவில்லை. திருச்சியில் குளிர் என்று வருவதே பதினைந்து நாள். அதற்கே ஊர் ஆம்பளைகள் மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு ஏதோ இமயமலையில் காவல் நிற்கிற மாதிரி இருமுவார்கள். இந்தக் கூத்து முடிவதற்குள் எங்காவது போய்விட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"ரெண்டு நாள் எங்கயாவது போயிட்டு வருவோமாங்க?"

"வேளாங்கண்ணிக்கா?"

"இல்ல."

"அப்ப பூண்டிக்கா?"

"எந்த மாதாகிட்டயும் போகல. யாருகிட்டயும் எதையும் கேக்கப் போகல. நீங்களும் நானும் தஞ்சாவூர் போவோம். அரண்மனையைப் பாப்போம், பெரிய கோயிலைப் பாப்போம், நல்ல ஓட்டல்ல சாப்புடுவோம். ஒரு தடவையாவது ஒண்ணும் கேக்காமப் போயிட்டு வரணும்னு இருக்குங்க எனக்கு."

அவள் கேட்டது அவ்வளவுதான். மண்டி போடாத, மெழுகுவத்தி ஏற்றாத, பெஞ்சில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுவார்களா என்று காத்திராத இரண்டு நாள். ஒரு பெண்டாட்டி புருஷனிடம் கேட்கக்கூடாத வரமா இது?

அற்புதசாமி பேப்பரை மடித்தார். "மதுரைன்னா அக்கா இருக்கா. தஞ்சாவூர்ல நமக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அதுக்குத்தான் சொல்றேன்."

"அப்ப எங்க தங்கறது?"

"லாட்ஜுல."

"லாட்ஜுலயா!" மனுஷர் எழுந்தே விட்டார். "குடும்பத்துப் பொம்பளைய லாட்ஜுக்குக் கூட்டிட்டுப் போறதா? தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"புருஷன் பொண்டாட்டின்னு நெனைப்பாங்க."

அவர் மறுபடி பேப்பரைப் பிரித்துக்கொண்டார். "பாப்போம்," என்றார்.

மூன்று வாரம் பார்த்தார். ஒரு நாள் மதுரையின் பெருமைகள் வரும்: அங்கே இட்லி பூ மாதிரி இருக்கும், அக்கா வீட்டில் வெந்நீர் கிடைக்கும், சாமான் பத்திரமாக இருக்கும். மறுநாள் தஞ்சாவூரின் குறைகள் வரும்: கொசு, சாக்கடை, தட்டில் பொம்மை பதித்து விற்பதைத் தவிர அந்த ஊரில் என்ன இருக்கிறது? பஸ் ஸ்டாண்டைத் தாண்டித் தஞ்சாவூரில் கால் வைக்காத மனுஷர் தஞ்சாவூர்ச் சாக்கடையைப் பற்றி முனிசிபல் கமிஷனர் மாதிரி பேசினார். இவ்வளவு ஆராய்ச்சி பண்ணியிருந்தால் தஞ்சாவூருக்கு நடந்தே போய்விட்டு வந்திருக்கலாம்.

ஆபீசிலும் கேலிதான். பக்கத்து போர்டில் உட்காரும் கோதை ஸ்ரீரங்கத்துக்காரி, உத்தர வீதியிலிருந்து பாலம் தாண்டி வருகிறவள். "ஏண்டி லூர்து, தஞ்சாவூர் போய் என்ன பண்ணப் போறே? உனக்கு அது அடுத்தவா கோவில். எங்காத்துக்கோ அது ஈச்வரன் கோவில். நாம ரெண்டு பேருமே வெளியில நின்னு அண்ணாந்து பாத்துட்டு வர வேண்டியதுதான்" என்று சிரித்தாள். ஆனால் உதவி என்று கேட்டபோது சட்டென்று செய்தாள். சனிக்கிழமை லூர்துராணிக்கு டூட்டி. அதைத் தான் பார்ப்பதாகச் சொன்னாள். "வியாழக்கிழமை எங்காத்துல நாத்தனாரைப் பொண் பாக்க வரா. என்னோட காலை ஷிப்டை நீ எடுத்துக்கோ, சரியாப் போச்சு." தஞ்சாவூர் எக்ஸ்சேஞ்சில் சகுந்தலா என்று ஒரு ஆபரேட்டர், முகம் தெரியாது, குரல் மட்டும் பல வருஷப் பழக்கம். ரயிலடிக்குப் பக்கத்தில் கௌரவமான லாட்ஜ் ஒன்றில் அவள் சொல்லி அறையும் எடுத்து வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அற்புதசாமி திடீரென்று, "சரி, உன் இஷ்டம். தஞ்சாவூருக்கே போவோம்" என்றார். லூர்துராணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படிப்பட்ட மனுஷரைப் போய் எத்தனை திட்டினோம் என்று தன்னையே நொந்துகொண்டாள், பைத்தியக்காரி. அன்றைக்கே நீல நிறப் பட்டுப்புடவையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள். வியாழக்கிழமை ஷிப்டு மாறியதை அவரிடம் இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் "ம்" என்றார். காதில் விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. அவள் கையில் ஒரு சீட்டு வந்தது. கைலாசபுரம் போஸ்ட் ஆபீசிலிருந்து மதுரைக்கு. காஜா மைதீன் ஜவுளிக் கடை. பி.பி. கால், அதாவது குறிப்பிட்ட ஆள் லைனுக்கு வந்தால்தான் பேச்சு. ஆள் பெயர் சகாயம்மாள். ஜவுளிக் கடைக்கு அடுத்த வீடுதான் நாத்தனார் வீடு; அவளை அழைக்க அந்தக் கடைக்குத்தான் போன் போடுவார்கள். அக்காவுக்கு என்ன ஆச்சோ என்றுதான் லூர்துராணி முதலில் நினைத்தாள். கை தானாக வேலை செய்தது. மதுரையைப் பிடித்தாள், சகாயம்மாளைக் கூப்பிடச் சொன்னாள், கைலாசபுரத்துக்கு மணி அடித்தாள்.

"மதுரை லைன்ல இருக்காங்க, பேசுங்க."

"சரிங்க மேடம். தேங்க்ஸ் மேடம்," என்றார் அற்புதசாமி.

பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் ஒரே பானைச் சோறு தின்ற மனுஷர். பெண்டாட்டி குரல் தெரியவில்லை. காலையில் அவர் கிளம்பிய பிறகுதான் அவள் புறப்பட்டிருந்தாள்; அவருக்குத் தெரிந்து அவள் மத்தியான ஷிப்டு, இந்நேரம் வீட்டில் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த தைரியத்தில்தான் போஸ்ட் ஆபீசுக்கே வந்திருக்கிறார்.

பேச ஆரம்பித்ததும் ஆபரேட்டர் விலகிவிட வேண்டும். அது சட்டம். பதினோரு வருஷத்தில் லூர்துராணி ஒருத்தர் பேச்சையும் ஒட்டுக் கேட்டதில்லை. ஊரான் பேச்சைக் கேட்கிற அளவுக்கு ஊரான்மேல் அவளுக்கு மதிப்பில்லை. அன்றைக்கு மட்டும் கை, லைன் பேச்சு காதில் விழும் போர்டுச் சாவியை மூட மறுத்துவிட்டது.

"அக்கா, சனிக்கிழமை மத்தியானம் வந்துடறோம். அவ தஞ்சாவூர்தான்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நானும் சரின்னு சொல்லி வெச்சிருக்கேன். ஸ்டேஷன்ல வெச்சு மாத்திக்கறேன்."

"டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன்டா. ஞாயித்துக்கிழமை பத்து மணி. ஆனா அந்தம்மா மூணு வருஷத்துக்கு முன்னாலயே சொல்லிட்டாங்களே, இவகிட்ட ஒரு குறையும் இல்ல, அடுத்த தடவை உன்னைத்தான் டெஸ்டுக்கு வரச் சொல்லி."

"அது எதுக்குக்கா இப்ப? இவளையே இன்னொரு தரம் நல்லாப் பாக்கச் சொல்லு."

"அவகிட்ட அதைச் சொன்னியா இல்லியா?"

"எதுக்குச் சொல்லணும்?"

மூன்று வருஷம். அன்றைக்கு டாக்டர் அறையிலிருந்து அவளை வெளியே அனுப்பிவிட்டு அக்காவும் தம்பியும் மட்டும் உள்ளே பேசினார்கள். வெளியே வந்து, "கடவுள் சித்தம்னு சொல்றாங்க" என்றார்கள். அந்த மூன்று வருஷத்தில் லூர்துராணி எத்தனை சனிக்கிழமை ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்தாள், எத்தனை நவநாள் செபித்தாள், வேளாங்கண்ணி மணலில் முழங்கால் உரிய நடந்து, தான் செய்யாத எந்தப் பாவத்துக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டாள்! பக்கத்தில் இந்த மனுஷர் கைகூப்பி நின்றார். பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்.

மூன்று நிமிஷம் ஆனதும் குறுக்கே போய்ச் சொல்ல வேண்டும். சொன்னாள்.

"மூணு நிமிஷம் ஆச்சு. பேசுறீங்களா, கட் பண்ணட்டுமா?"

"இன்னும் மூணு நிமிஷம் குடுங்க மேடம்."

கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு போட்டாள். தானாகச் சொல்கிறாரா பார்ப்போம் என்று இருந்தாள். வெள்ளிக்கிழமையும் பார்த்தாள். ஆம்பளைக்கு மனசாட்சி என்று ஒன்று இருந்து, அது இரண்டு நாளாவது உறுத்தாதா? உறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் நகம் வெட்டிக்கொண்டே, தஞ்சாவூர் அரண்மனையில் என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டார். அப்பப்பா, என்ன நடிப்பு!

சனிக்கிழமை காலை டவுன் பஸ் பிடித்து ஜங்ஷனுக்குப் போனார்கள். தஞ்சாவூர் வண்டி குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்திலேயே திருவெறும்பூரில் நிற்கும். அங்கே ஏறாமல் எதற்கு எதிர்த் திசையில் திருச்சி வரை போக வேண்டும் என்று அவள் கேட்டாள், என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்றுதான். "ஜங்ஷன்ல ஏறினாத்தான் உக்கார இடம் கெடைக்கும்" என்றார். ஸ்டேஷன் வாசலில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒன்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "நீ இங்கயே உக்காரு, நான் டிக்கெட் எடுத்தாரேன்" என்று போனார். பெஞ்சில் உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்தாள். அந்த நிமிஷம்கூட, அந்த ஆள் தஞ்சாவூர் டிக்கெட்டோடு வந்துவிட்டால் எல்லாவற்றையும் விழுங்கிவிடத் தயாராக இருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வரும்.

வந்தார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"தஞ்சாவூர் வண்டி மூணு மணி நேரம் லேட்டாம். என்ன பண்றது? நம்ம நேரம். மதுரை வண்டி ரெடியா நிக்குது. சரின்னு அதுக்கே எடுத்துட்டேன்."

அவர் தலைக்கு மேலே இருந்த ஒலிபெருக்கி, தஞ்சாவூர் பாசஞ்சர் புறப்படத் தயாராக இருப்பதாக அப்போதுதான் அறிவித்தது. அவர் அதையும் கேட்காத மாதிரி நின்றார். பொய் சொல்கிறவன் கொஞ்சம் விசாரித்துவிட்டாவது சொல்லக்கூடாதா?

"டாக்டரம்மா பத்து மணிக்குத்தான வரச் சொன்னாங்க?" என்றாள் லூர்துராணி.

மிட்டாய் அவர் வாயிலேயே நின்றுவிட்டது. "யாரு... உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. உங்களுக்குக் கால் போட்டுக் குடுத்ததே நாந்தான். தேங்க்ஸ் மேடம்னு சொன்னீங்களே, அந்த மேடம்."

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. கவுண்டருக்குப் போய் தஞ்சாவூருக்கு டிக்கெட் எடுத்தாள். ஒன்று அல்ல, இரண்டு. போய்ப் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நகரும்போது அற்புதசாமி பையோடு ஓடி வந்து தொற்றிக்கொண்டார். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அவர் பக்கத்தில் கூடையோடு ஒரு பூக்காரம்மா இருந்தாள். என்ன சங்கதி என்று வெட்கமில்லாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாலு பேர் இருக்கிற எடத்துல மானத்தை வாங்காத," என்றார் அடிக்குரலில். "உன் நல்லதுக்குத்தான் பண்ணேன்."

"என் நல்லதுக்கா? என்கிட்ட குறை இல்லன்னு டாக்டர் சொன்னதை மூணு வருஷம் மறைச்சதும் என் நல்லதுக்கா? ஊரான் போட்ட வெல்டிங்கையெல்லாம் டெஸ்ட் பண்றீங்க. உங்களை டெஸ்ட் பண்ணா மட்டும் உடைஞ்சா போயிடுவீங்க?"

"எங்க பரம்பரையில அப்படி ஒருத்தனும் கெடையாது."

"உங்க பரம்பரையில யாரையும் கேக்கல. உங்களைக் கேக்கறேன்."

வண்டி பொன்மலையில் நின்று கிளம்பியது. லூர்துராணி நிதானமாகச் சொன்னாள். அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"இங்க பாருங்க. ரெண்டே வழிதான். நாளைக்குப் பத்து மணிக்கு டெஸ்ட் உங்களுக்குன்னு இப்பச் சொல்லுங்க, அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி உங்களோட மதுரைக்கு வரேன். ரிப்போர்ட்ல என்ன வந்தாலும் ஒரு வார்த்தை குத்திப் பேச மாட்டேன், சத்தியமா. இல்லன்னா பேசாம என்கூட தஞ்சாவூர் வாங்க. ரெண்டு நாள் டாக்டர், மாதா, அக்கா, ஒண்ணும் கெடையாது. குழந்தை இல்லன்னா இல்ல, நாம ரெண்டு பேர் இருக்கோம்ல? மதுரையா தஞ்சாவூரா, நீங்களே சொல்லுங்க. எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்."

பூக்காரம்மா தொடுப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அற்புதசாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கையிலிருந்த மதுரை டிக்கெட்டைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். லூர்துராணி வாழ்க்கையில் இதுவரை யாருக்காகவும் காத்திராத மாதிரி அவர் வாய் திறக்கக் காத்திருந்தாள். ஒரு வார்த்தை. எந்த ஊர் பெயராக இருந்தாலும் பரவாயில்லை.

வண்டி வேகம் குறைந்தது. அவர் எழுந்து பையை எடுத்துக்கொண்டார்.

"எனக்குத் தலை வலிக்குது," என்றார். "வீட்டுச் சாவி எங்க?"

அவள் சாவியை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, திருவெறும்பூர் பிளாட்பாரத்தில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்தார். விசில் ஊதியது. பூக்காரம்மாவுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"என்னம்மா, உங்க வூட்டுக்காரர் எறங்கிட்டாரு? தஞ்சாவூர்னு சொன்னீங்களே?"

"அவர் ஊர் வந்துடுச்சு," என்றாள் லூர்துராணி.